சவப்பெட்டி மூடியிலிருந்து சமையலறைக் கதவுக்கு

வாக்குமூலம் தருபவர்: பெண், வயது நாற்பத்தேழு. பெயரும் வீட்டு எண்ணும் அவர் கேட்டுக்கொண்டபடி தனித்தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டப்பட்டுள்ளன. குடியிருப்பு: ரயில் பாதைக்குப் பின்னால் உள்ள தொழிலாளர் குடியிருப்பு, இரண்டாம் மாடி. தொழில்: அலமாரிக் கதவுகளுக்கு வெனீர் நெளிவெடுத்து ஒட்டுவது. பட்டறையில் அழைக்கும் பெயர்: இஸ்திரி அக்கா. காவல் நிலைய எழுத்தர் அறையில், பெண் காவலர் ஒருவர் உடனிருக்க, விசாரணை அதிகாரி கேட்டு எழுதியது.

தகன நிலையத்தின் பின்கட்டில் உள்ள சாமான் அறையை இன்று காலை திறந்து பார்த்ததில், மேல் வெனீர் உரிக்கப்பட்ட சவப்பெட்டி மூடிகள் சுவரோரம் சாய்த்து அடுக்கப்பட்டிருந்ததாக விசாரணை அதிகாரி என்னிடம் தெரிவித்தார். எடுத்து வந்த படங்களையும் காட்டினார். மூடிகள் அங்கே இருக்கின்றன என்றால், பெட்டிகளும் அவற்றில் இருந்தவர்களும் மர மூடியில்லாமல் உலைக்குள் போயிருக்கிறார்கள் என்று பொருள். இவற்றில் உங்கள் அப்பாவின் மூடி எது என்று அதிகாரி கேட்டார். உரித்த பலகைகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், பலகையை வைத்துச் சொல்ல முடியாது, அதிலிருந்து உரித்த வெனீரை வைத்துத்தான் சொல்ல முடியும் என்று கூறினேன். அந்த வெனீரை நான் பார்த்துவிட்டேன். எங்கே பார்த்தேன் என்பதைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

நான் என் கணவருடன் வசிக்கிறேன். என் அம்மா என் தம்பியோடு அடுத்த தெருவில் இருக்கிறார். தம்பி தகன நிலையத்தில் சவ வண்டி ஓட்டுகிறான், பின்கட்டு வேலையும் பார்க்கிறான். நான் வேலை செய்யும் பட்டறையில் வீடுகளுக்கான சமையலறை அலமாரிகள் செய்கிறோம். மலிவான பலகையில் கதவு செய்து, நல்ல மரத்திலிருந்து காகிதம்போல் சீவி எடுத்த தாளை அதன்மேல் ஒட்டுவோம். அந்தத் தாள்தான் வெனீர். நேரான மரத்தில் சீவிய தாள் பெரும்பாலும் மட்டமாகவே வரும். மரத்தில் கட்டிபோல் புடைத்து வளரும் முண்டிலிருந்து சீவிய தாள் அப்படி வராது. அதில் சுழி சுழியாக அழகு இருக்கும், ஆனால் மழையில் நனைந்து காய்ந்த அட்டைபோல் நெளிந்து கிடக்கும், அப்படியே ஒட்டினால் வெடித்துவிடும். அதனால் தண்ணீரில் கிளிசரினும் கொஞ்சம் ஸ்பிரிட்டும் கலந்து இரு பக்கமும் தெளித்து, தாள் துணிபோல் இளகியதும், உறிஞ்சும் காகிதங்களுக்கு நடுவே வைத்து, இரண்டு கனமான பலகைகளுக்கு இடையில் கிளாம்பு போட்டு மெல்ல இறுக்க வேண்டும். அதன் பிறகு நாள்தோறும் ஈரக் காகிதத்தை எடுத்துவிட்டு உலர்ந்த காகிதம் மாற்ற வேண்டும். நன்றாகக் காய்ந்த தாளை உடனே ஒட்ட வேண்டும், இல்லையென்றால் பாரத்துக்கு அடியிலேயே வைத்திருக்க வேண்டும். பட்டறையில் இது என் வேலை. அதனால்தான் அந்தப் பெயர்.

பட்டறை முதலாளி வாயில் எப்போதும் ஒரு பல்குத்தும் குச்சி வைத்திருப்பார். பேசும்போது அதை எடுத்து, அதன் ஈர முனையாலேயே தாளில் உள்ள பழுதைத் தொட்டுக் காட்டுவார். ஆண், பெண், வயது பார்க்காமல் எல்லோரையும் செல்லம் என்று கூப்பிடுவார். சுமார் இரண்டு வருடங்களுக்கு முன் அவர் புதிய வெனீர் கட்டுகளோடு பழைய வெனீரையும் கொண்டுவரத் தொடங்கினார். பழைய சாமான்களிலிருந்து வெனீர் உரித்து மறுபடி பயன்படுத்துவது எங்கள் தொழிலில் தப்பான காரியம் இல்லை. பழைய மரத்தின் நிறம் புதிதில் கிடைக்காது என்பதால் சிலர் கேட்டே வாங்குவார்கள். ஈரத்துணியை விரித்து மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் அடியில் உள்ள பசை இளகும், மெல்லிய தகட்டை நுழைத்து உரித்துவிடலாம். உரித்த தாள்தான் என் மேசைக்கு வரும். முதுகில் ஒட்டியிருக்கும் பழைய பசையை வெந்நீரால் நனைத்துச் சுரண்டி எடுத்த பிறகு நெளிவெடுப்பேன்.

அந்தத் தாள்கள் எல்லாம் ஒரே வடிவத்தில் இருந்தன. ஒரு முனை அகலமாகவும் மறுமுனை ஒடுங்கியும் இருந்தன. இது எந்த அலமாரியிலிருந்து வருகிறது என்று முதலாளியிடம் கேட்டேன். "பழைய கப்பலை உடைச்சாங்க செல்லம், அதுல இருந்த அலமாரி. கப்பலே முன்னாடி ஒடுங்கித்தானே இருக்கும், அலமாரி மட்டும் என்ன பண்ணும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தாளை நனைத்ததும் அதிலிருந்து ஒரு வாடை கிளம்பும். மலிவான சென்ட்டும் அதற்கு அடியில் வேறொன்றும். அந்த வேறொன்றை என்னால் பெயர் சொல்லிச் சொல்ல முடியவில்லை. வாடிய பூ நிறைய நாள் தண்ணீரில் கிடந்தால் வரும் வாடைக்குக் கிட்டத்தில் இருக்கும். சில தாள்களின் முகத்தில் மெழுகுச் சொட்டுகள் உறைந்திருந்தன. ஒருமுறை ஒரு தாளின் அகலமான முனைக்கு அருகில் சிவப்பாக ஏதோ இருந்தது. துணியால் துடைத்தேன், போகவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது அது உதட்டுச் சாயம் என்று தெரிந்தது. மேலுதடு, கீழுதடு, கோடுகள் எல்லாம் தெளிவாக விழுந்த முழு முத்தம். பிரஸ் மெஷினில் வேலை செய்பவர் எட்டிப் பார்த்து, "பாருங்கக்கா, அலமாரிக்குக்கூட முத்தம் குடுக்க ஆள் இருக்கு, எனக்குத்தான் வாய்க்கல" என்றார். நான் அதைத் தகட்டால் சுரண்டினேன். சுரண்டிய தூள் என் மடியில் விழுந்தது, தட்டிவிட்டேன். அந்த நேரம் எனக்கு ஒன்றும் தெரியாது. இப்போது தெரியும் என்பதால் இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அதன் பிறகு, சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த சமயம், என் அப்பா காலமானார். அவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். எங்கள் பட்டறையில் அவசர வேலைக்கும் கைவேலைக்கும் வச்சிரம் பயன்படுத்துவோம். அது மிருகத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை. சூடாக இருக்கும்போது நாறும், ஊசிப்போனால் கிட்டப் போக முடியாது. நான் வேலை முடிந்து அப்பாவைப் பார்க்கப் போனால் வாசலிலேயே நிறுத்தி, "ஏம்மா, வேலைலேருந்து வர்றியா, பொணத்துலேருந்து வர்றியா? போய்க் கை கழுவிட்டு வா" என்பார். கழுவிய பிறகு இரண்டு கையையும் நீட்டச் சொல்லி முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார். இது பல வருடம் நடந்தது.

அப்பாவின் சவப்பெட்டிக்குத் தகன நிலையத்தில் கொடுத்த மூடி வெறும் பலகையாக இருந்தது. அதற்கு நானே வெனீர் ஒட்டித் தருகிறேன் என்று சொன்னேன். முண்டு வெனீரை நெளிவெடுக்கப் பல நாள் ஆகும், ஆனால் பட்டறையில் ஏற்கெனவே நெளிவெடுத்த ஒரு கட்டு பாரத்துக்கு அடியில் இருந்தது. தாள்களில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை இருப்பதாக வாடிக்கையாளர் வேண்டாம் என்று தள்ளிய கட்டு அது. முதலாளி என் தோளைத் தட்டி, "எடுத்துக்கோ செல்லம். அப்பாவுக்கு இதுகூடச் செய்யலைன்னா நான் மனுஷனா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன்.

அதன் பிறகு அந்தக் கட்டிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய இரண்டு தாள்களை எடுத்து, புத்தகத்தை விரித்ததுபோல் பக்கத்தில் பக்கம் சேர்த்தேன். இரண்டிலும் ஓட்டைகள் இருந்த இடத்தில் படகு வடிவத்தில் வெட்டி, அதே கட்டின் துண்டுகளால் அடைத்தேன். ஒட்டு போடும்போது துண்டின் கோடுகளும் தாளின் கோடுகளும் ஒரே திசையில் ஓட வேண்டும், அப்போதுதான் கண்ணுக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. ஒரு படகு குறுக்காகப் போய்விட்டது. வெளிச்சம் படும் பக்கத்தைப் பொறுத்து அது இருண்டும் மின்னியும் காட்டும். எடுத்து மாற்ற நேரம் இல்லை. பிரஸ் மெஷினில் வேறு வேலை ஏறியிருந்ததால் வச்சிரம் காய்ச்சிக் கையாலேயே தேய்த்து ஒட்டினேன். அப்பாவுக்கு அந்த நாற்றம் ஆகாது என்பதால் பசைச் சட்டியில் கிராம்பு எண்ணெய் ஊற்றினேன். நிறையவே ஊற்றினேன். எங்கள் பட்டறையில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. அதே கட்டின் மூன்றாவது தாளை முதலாளியிடம் சொல்லிவிட்டு எடுத்து வந்து, அம்மாவின் மருந்து அலமாரிக் கதவில் ஒட்டினேன். அது இதுவரை தம்பி வீட்டில் இருந்தது.

தகன நிலையத்தில் உறவினர்கள் கூடத்தில் நிற்பார்கள். ஒரு திரை இழுக்கப்படும், பெட்டி தண்டவாளத்தில் பின்கட்டுக்குப் போகும். அதற்குமேல் யாரும் போகக் கூடாது. அன்று தம்பி முன்னால் வந்து, "மத்தவன் கையால வேணாம். நம்ம அப்பாவை நானே உள்ள அனுப்பி வைக்கிறேன்" என்று சொல்லித் திரைக்குப் பின்னால் போனான். அம்மா அவன் தலையைத் தடவி அனுப்பினார். கூடத்தில் இருந்தவர்களில் பலர், பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். நான் என் காதால் கேட்டேன். அவன் திரும்பி வர வழக்கத்தைவிட நேரமானது. அழுதுவிட்டு வருகிறான் என்று நினைத்தோம்.

அதன் பிறகு நான் சில நாள் விடுப்பில் இருந்தேன். திரும்பிப் போனபோது, ஒரு புது வீட்டுச் சமையலறைக்கு முண்டு வெனீர் ஒட்டிய கதவுகள் போய்விட்டதாகப் பிரஸ் வேலை செய்பவர் சொன்னார். என் மேசைக்கு வராமல் முண்டு வெனீர் எப்படிப் போனது என்று கேட்டேன். முதலாளியே உட்கார்ந்து நெளிவெடுத்தார் என்றார். முதலாளி கையில் தண்ணீர் படுவதை நான் பார்த்ததில்லை. இருந்தாலும் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சென்ற வாரம் முதலாளி வெளியூர் போயிருந்தார். பட்டறைத் தொலைபேசி அடித்தது, நான் எடுத்தேன். அந்தப் புது வீட்டு அம்மா பேசினார். அவருக்குக் கைக்குழந்தை இருக்கிறது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே உள்ள கதவில் கொப்புளம் கிளம்பியிருக்கிறது என்றார். வெனீர் கொப்புளம் கட்டினால் சரிசெய்வதும் என் வேலைதான். பழைய பசையை முதுகிலிருந்து முழுதாகச் சுரண்டாமல் புதுப் பசை தடவினால் அது பிடிக்காது, ஆவி பட்டால் உப்பிக்கொள்ளும். சுரண்டச் சோம்பல்பட்டு ஒட்டியிருக்கிறார்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டு, பிளேடு, பசை ஊசி, சிறிய இஸ்திரிப் பெட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த வீட்டு அம்மா என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போனார். இடுப்பில் குழந்தை இருந்தது. "கதவெல்லாம் அவ்ளோ அழகுக்கா. அதுலயும் இந்த இடம் பாருங்க, கண்ணு மாதிரி இருக்கில்ல? பாப்பா அழுதா இதைத்தான் காட்டுவேன், உடனே நிறுத்திடும்" என்றார். குழந்தை கையை நீட்டிக் கதவைத் தொட்டது. தொட்ட இடத்தில் ஒரு படகு இருந்தது. ஜன்னல் பக்கம் நின்று பார்த்தால் இருண்டது, தொட்டிப் பக்கம் வந்து பார்த்தால் மின்னியது. நான் இரண்டு பக்கமும் போய்ப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். கொப்புளம் அதன் விளிம்பிலேயே கட்டியிருந்தது.

வேறு யாராவது இப்படித் தப்பு செய்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பிளேடால் கொப்புளத்தைக் கீறினேன். இஸ்திரிப் பெட்டியைக் காட்டியதும் உள்ளே மிச்சமிருந்த பழைய பசை இளகியது. கீறலிலிருந்து கிராம்பு வாசனை வந்தது. அந்த வீட்டு அம்மா முகர்ந்து பார்த்து, "எங்கேயோ மசாலா வாசனை வருதே, உள்ள எதையாவது கொட்டிட்டேனா?" என்று கதவைத் திறந்தார். உள்ளே பால் புட்டிகள், அவற்றின் ரப்பர்கள், குழந்தையின் கஞ்சி மாவு டப்பா இருந்தன.

நான் ஊசியால் புதுப் பசை ஏற்றி, அழுத்தி, கொப்புளத்தை அமுக்கினேன். ஏன் அமுக்கினீர்கள், ஏன் அப்போதே சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார். என் கை வேலையைச் செய்துகொண்டிருந்தது, நான் அதை நிறுத்தவில்லை என்றேன். அதன் பிறகு கை கழுவ வேண்டும் என்றேன். தொட்டியில் கழுவினேன். அவர் வைத்திருந்த சோப்பு வழுக்கி விழும் அளவுக்குக் கழுவினேன். அவர் டீ கொடுத்தார், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, அவர்கள் வீட்டுக் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் வாந்தி எடுத்தேன். அன்றிலிருந்து நான் கையால் சாப்பிடுவதில்லை. கரண்டி வைத்துத்தான் சாப்பிடுகிறேன்.

அங்கிருந்து நேராகத் தகன நிலையத்துக்குப் போனேன். தம்பி வெளியே சவ வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். அப்பாவின் மூடி எங்கே என்று கேட்டேன். எந்த மூடி என்றான். படகைச் சொன்னேன். குழாயை மூடினான். எங்களுக்குள் நடந்த பேச்சு பின்வருமாறு:

"இங்க எல்லாரும் பண்றதுதான்க்கா. பத்து நிமிஷத்துல சாம்பலாகப் போறதுக்கு எதுக்கு நல்ல மரம்? கழட்டிட்டு அட்டைய வச்சு மூடி அனுப்புவோம். யாருக்குத் தெரியும்?"

"அப்பாவோடதையுமாடா?"

"அதை நானா கேட்டேன்? உங்க முதலாளிதான் கேட்டாரு. ஓட்டையா இருந்த தாளு, உங்கக்கா ஒட்டு போட்டதுல உருப்படி ஆயிடுச்சு, அந்த ஒண்ணு வந்தே ஆகணும், இல்லன்னா இனிமே எந்த மூடியும் வேணாம்னுட்டாரு."

"நீயே கழட்டுனியா?"

"வேற யாரையும் தொட விடலக்கா. சத்தியமா நானேதான் கழட்டினேன்."

அதை ஒரு நல்ல காரியம்போல் சொன்னான். அதன் பிறகு, "மேல ஒட்டுன தோலுதானே போச்சு, அப்பா முழுசாத்தானே போனாரு" என்றான். நனைந்த கையைச் சட்டையில் துடைத்துவிட்டு என் தோளைத் தொட வந்தான். தொடாதே என்றேன்.

அந்தப் பேச்சிலிருந்து நான் தெரிந்துகொண்டது இது. எனக்கு இலவசமாகக் கொடுத்த தாளை முதலாளி திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறார். ஓட்டையோடு இருந்தவரை அது குப்பை. அப்பாவுக்காக நான் அடைத்ததால்தான் அது விலைபோகும் சரக்கானது. நான் அடைக்காமல் விட்டிருந்தால் அது அப்பாவோடு எரிந்திருக்கும்.

முதலாளி ஊரிலிருந்து வந்ததும் அவர் அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. குச்சியை வாயிலிருந்து எடுத்து, "நான் குடுத்ததுதானே செல்லம், நம்மகிட்டயே வந்திருச்சு. இதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?" என்றார். மற்றவர்களுடைய மூடிகள் என்றேன். அவர்கள் யாரும் வந்து கேட்கவில்லையே என்றார். காவல் நிலையத்துக்குப் போவேன் என்றேன். அதற்கு, "போயேன். ரெண்டு வருஷமா வந்த தாள் எல்லாத்தையும் கழுவுனது யாரு, சுரண்டுனது யாரு? கழட்டுனது உன் தம்பி, நெளிவெடுத்தது நீ. அக்காவும் தம்பியும் சேர்ந்து என்னை ஏமாத்திட்டாங்கன்னு சொன்னா யாரை நம்புவாங்க?" என்றார். பேசி முடித்ததும் குச்சியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். அவர் சொன்னபடியே இப்போது எழுத்தில் கொடுத்திருப்பதாக அதிகாரி எனக்குத் தெரிவித்தார். மூடிகளிலிருந்து வந்த வெனீர் என்று தெரிந்தே நான் வேலை செய்தேனா என்று அதிகாரி நேரடியாகக் கேட்டார். தெரியாது. அந்தச் சமையலறையில் நின்ற நேரம்வரை தெரியாது.

அன்று மாலை அம்மாவைப் பார்க்கப் போனேன். தம்பி முன்பே அம்மாவிடம் பேசியிருந்தான். பின்கட்டில் மூடிகள் கழற்றுவதைச் சொல்லியிருக்கிறான், அப்பாவுடையதைச் சொல்லவில்லை. அம்மா என்னை உட்காரவைத்து, "அவன் பண்ணது அசிங்கம்தான், நான் இல்லேங்கல. அதுக்காகக் கூடப்பிறந்தவ போய்க் காட்டிக் குடுக்கணுமா? செத்தவங்க வந்து கேக்கப் போறாங்களா? இருக்கிறவன் ஒருத்தன்தான்டி எனக்கு, அவனும் உள்ள போயிட்டா என் கதி?" என்று கேட்டார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவர் தம்பி வீட்டில்தான் சாப்பிடுகிறார், அவன்தான் மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறான். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நானும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தம்பியின் மனைவி எனக்குச் சாப்பாடு போட்டுக் கொண்டுவந்து வைத்தார். கரண்டி கேட்டேன். ஏன் என்று அம்மா கேட்டார். அப்போது சொன்னேன். படகையும், கிராம்பு வாசனையையும், குழந்தை தொட்டதையும், தம்பி சொன்னதையும் சொன்னேன்.

அம்மா அழவில்லை. அவன் திரைக்குப் பின்னால் போனபோது தலையைத் தடவி அனுப்பிய கையைக் கொஞ்ச நேரம் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு எழுந்து போய், மருந்து அலமாரியைத் திறந்து, மாத்திரை அட்டைகள், கண் சொட்டு மருந்து, தைல பாட்டில் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். "இதுவும் அதே மரம்தானே? உன் பையில ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?" என்றார். இருந்தது. கீல்களைக் கழற்றினேன், அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். தம்பியின் மனைவி, "அத்தை, அவர் வரட்டுமே, ஒரு வார்த்தை கேட்டுட்டு…" என்று தொடங்கினார். "அவன் யார்கிட்ட கேட்டுட்டுக் கழட்டினான்?" என்று அம்மா கேட்டார். கதவைப் பழைய போர்வையில் சுற்றி, அம்மாவும் நானும் இந்த நிலையத்துக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தோம். புகாரில் அம்மாதான் முதலில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காவல்துறையினர் அந்தப் புது வீட்டுக்குப் போனபோது, கதவுகளை அடையாளம் காட்ட என்னையும் அழைத்துச் சென்றார்கள். அந்த வீட்டு அம்மாவிடம் அதிகாரி விஷயத்தைச் சொன்னார். அவர் முதலில் புரியாததுபோல் என்னைப் பார்த்தார். "அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமாக்கா?" என்றார். தெரியும் என்றேன். "தெரிஞ்சுமா ஒட்டிட்டுப் போனீங்க?" என்றார். அவர் பால் புட்டிகளை எல்லாம் ஒரு பையில் அள்ளி வெளியே குப்பையில் போட்டார், திரும்பி வந்து குழந்தையின் கையைத் தொட்டியில் பிடித்துக் கழுவத் தொடங்கினார். குழந்தை கத்தியது. கதவுகளைக் கழற்றி வண்டியில் ஏற்றி முடிக்கும்வரை கழுவிக்கொண்டே இருந்தார்.

இன்றைய நிலையில் முடிவு தெரியாமல் இருப்பவை: சமையலறைக் கதவின் வெனீரும் அம்மாவின் மருந்து அலமாரிக் கதவின் வெனீரும் ஒரே முண்டிலிருந்து அடுத்தடுத்துச் சீவியவையா என்பதை மரப் பரிசோதனைக் கூடம் சொல்ல வேண்டும். கீறிய இடத்தில் உள்ள பழைய பசையில் கிராம்பு எண்ணெய் இருக்கிறதா என்பதையும் அவர்களே பார்க்கிறார்கள். அறிக்கை வரும் வெள்ளிக்கிழமை கிடைக்கும் என்று அதிகாரி கூறினார். அது வந்த பிறகுதான் நான் இந்த வழக்கில் சாட்சியா, குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருத்தியா என்பது முடிவாகும். சாமான் அறையில் எடுத்த மற்ற மூடிகள் யார் யாருடையவை என்பது தெரியவில்லை. அந்தக் குடும்பங்களுக்கு இன்னும் தகவல் சொல்லப்படவில்லை. முத்தமிட்டவரைத் தேடிச் சொல்வார்களா என்று கேட்டேன். அந்தத் தாள் எந்த வீட்டுக் கதவில் இருக்கிறது என்று நினைவிருக்கிறதா என்று அதிகாரி திருப்பிக் கேட்டார். நினைவில்லை.

அலமாரிக் கதவு எப்போது திரும்பக் கிடைக்கும் என்று கேட்டு வரும்படி அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். வழக்கு முடியும்வரை கிடைக்காது என்று அதிகாரி சொன்னார். வேறு கதவு செய்து மாட்டித் தருகிறேன் என்று நான் ஏற்கெனவே அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். வேண்டாம், அவன் வரும்போதும் போகும்போதும் அது அப்படியே திறந்து கிடக்கட்டும் என்றார்.

எழுதியதை அதிகாரி முழுவதும் எனக்குப் படித்துக் காட்டினார். என் தம்பி என்று வரும் இடங்களில் குற்றம் சாட்டப்பட்ட இரண்டாம் நபர் என்று மாற்றுவதுதான் வழக்கம், மாற்றலாமா என்று கேட்டார். மாற்ற வேண்டாம், நீதிமன்றத்தில் இதைப் படிக்கும்போது அவன் காதில் அப்படித்தான் விழ வேண்டும் என்றேன். மற்றபடி நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. இதில் பொய் இல்லை, விட்டுப்போனதும் இல்லை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்ல வைக்கவில்லை.

(ஒப்பம்)
வாக்குமூலம் தந்தவர்

என் முன்னிலையில் ஒப்பமிடப்பட்டது.
(ஒப்பம்)
விசாரணை அதிகாரி